பாய்மரத்தை ஒடித்தது நான் இல்லை

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கையில் கயிற்றைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அதன் மறுமுனை தேரில்தான் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். நான் ராஜபாளையத்துக்காரன். அந்த ஊரில் பெண் எடுத்தவன். பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறைக்குச் சண்டை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடும் தூரம்தான். அவர்கள் தேர் இழுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கயிறு என்று எதைக் கண்டாலும் இழுப்பார்கள் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தூத்துக்குடியில் ஒரு படகின் பாய்மரம் இன்றைக்கும் நேராக நின்றிருக்கும். நானும் மாமனார் வீட்டில் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை ஒடித்தது நான் இல்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

என் பெயர் கெட்டது கடலில் அல்ல, அதற்கு முன்பே. பெண் பார்க்கப் போன அன்று எனக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியின் பின்கால் முறிந்து, கையில் கேசரித் தட்டோடு நான் தரையில் உட்கார்ந்தேன். அந்தக் கால் ஏற்கெனவே கீறல் விட்டிருந்தது. (கீறலின் மேல் செலோடேப் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன், தரையிலிருந்து.) கல்யாணமான புதிதில் அவர்கள் வீட்டுக் குளியலறைக் குழாயின் திருகு என் கையோடு வந்தது. அது யார் தொட்டாலும் வந்திருக்கும். நான் தொட்ட நேரம் வந்தது, அவ்வளவுதான். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர், "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் முரட்டுக் கை" என்று தெருவில் சொல்லிவைத்தார். அதன் பிறகு சுவர்க் கடிகாரம் நின்றால்கூட, நான் வந்துபோனேனா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தப் பெயரைத் துடைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. குடும்பத்தோடு ஒரு நாள், நான் எதையும் ஒடிக்காமல் நல்லபடியாகக் கழிந்தால் போதும், பெயர் மாறிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

எனக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். தூத்துக்குடியில் என்னிடம் சரக்கு எடுக்கும் ஜெரால்டு அண்ணாச்சிக்குப் பாய்மரப் படகுப் பைத்தியம் உண்டு. எங்கிருந்தோ ஒரு பழைய படகை வாங்கி, நீலமும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பேச்சைக் கேட்டால் உலகத்தைச் சுற்றிவந்த மாலுமி என்று தோன்றும். "குடும்பத்தைக் கூட்டிட்டு வாங்க தம்பி, கடலைக் காட்டுதேன்" என்று பார்க்கும்போதெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மாமனார் திருச்செந்தூரில் முழங்கால் அளவுக்கு மேல் கடலைப் பார்த்ததில்லை. நான் உடனே நாள் குறித்தேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேனில் கிளம்பினோம். மாமனார், அத்தை, என் மனைவி கோதை, அவள் தம்பி ரெங்கன், மாமனாரின் தம்பியான சின்ன மாமா. இந்த ஐந்து பேரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆடிப்பூரத் தேரில் மாமனார் வடத்தின் முன்வரிசை ஆள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் வேறு எதற்கும் லீவு போடாதவர், தேருக்கு மட்டும் போடுவார். சின்ன மாமா தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துத் திருப்புகிறவர்களில் ஒருவர். ரெங்கன் நடக்கப் பழகியதே வடத்தைப் பிடித்துத்தான் என்பார்கள். பெண்களும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒருவர் "கோவிந்தா" என்பார், மற்றவர்கள் "கோபாலா" என்று இழுப்பார்கள். வடம் கையில் தளர்ந்தால் இழுக்க வேண்டும். அந்த ஊரில் பிறந்த கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேனில் போகும்போதே நான் தீர்மானம் செய்துவிட்டேன். இன்றைக்கு நான் எதையும் தொடுவதில்லை. படகில் ஏறியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அண்ணாச்சி வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைக்கூடக் கோதையைத்தான் திறக்கச் சொன்னேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பாய் காற்றில் விரிந்து, சத்தமே இல்லாமல் படகு நழுவியது. மாமனார் வெள்ளை வேட்டி சட்டையில் முன்னால் உட்கார்ந்து, "மாப்ள, நல்லா இருக்கு" என்றார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அத்தை புளியோதரையைப் பிரித்து எனக்கு முதலில் கொடுத்தார். நான் மிக ஜாக்கிரதையாகச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் அண்ணாச்சி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "அட" என்றார். பாய்மரம் சாயாமல் இருக்க, அதன் உச்சியிலிருந்து படகின் இரண்டு பக்கமும் ஒவ்வோர் இரும்புக் கம்பி கட்டியிருக்கும். இடப்பக்கக் கம்பியை முறுக்கிப் பிடிக்கும் திருகு தளர்ந்துவிட்டதாம். பயப்பட ஒன்றும் இல்லை, மாட்டிவிடலாம் என்றார். பாயை இறக்கினார். பாயை ஏற்றி இறக்கும் கயிற்றைக் கழற்றினார். அதன் ஒரு நுனி மர உச்சியில் இருக்க, மறுநுனியை இடப்பக்கமாகக் கொண்டுவந்து, கம்பிக்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் போதும் என்றார். இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. சும்மா பிடித்திருக்க வேண்டும்.

அதைக் கொண்டுபோய் என் மாமனார் கையில் கொடுத்தார்.

நான் அப்போதே சொன்னேன். கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன், சொன்னேன். "அண்ணாச்சி, கயித்த நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன். வாயை மூடுவதற்குள் அத்தை, "வேண்டாம் மாப்ள, நீங்க எதையும் தொடாதிய. அவுகளே பிடிச்சுக்கிடுவாக" என்றார். நான் கையைத் திரும்பவும் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்த ஒரு வாக்கியத்தை அத்தை பிறகு ஒருபோதும் ஞாபகப்படுத்திக்கொண்டதில்லை.

கயிறு நீளமாக இருந்தது. மாமனாருக்குப் பின்னால் மிச்சம் கிடந்ததை ரெங்கன் பிடித்தான். அவனுக்குப் பின்னால் சின்ன மாமா. பிறகு அத்தை. கடைசியில் கோதை, ஒரு கையில் கயிறும் மறு கையில் செல்போனுமாக. யாரும் சொல்லாமலே வரிசையாக, ஒரு காலை முன்னால் வைத்து, முதுகைச் சாய்த்து நின்றார்கள். அண்ணாச்சி ஸ்பேனரை வாயில் கவ்விக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, திருகைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஓர் அலை வந்தது. பெரிய அலை இல்லை. படகு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. கயிறு தளர்ந்தது.

"கோவிந்தா" என்றார் மாமனார்.

"கோபாலா" என்றார்கள் நான்கு பேரும்.

ஓர் இழுப்பு. வலப்பக்கக் கம்பி விண்ணென்று அதிர்ந்தது. குனிந்தபடியே அண்ணாச்சி கத்தினார். வாயில் ஸ்பேனர் இருந்ததால் அவர் கத்தியது ஸ்பேனருக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த "கோவிந்தா" வந்துவிட்டது. நான் பாய்ந்தேன். மாமனாருக்கு முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்து, எதிர்ப்பக்கமாக, மரத்தைப் பார்க்க, என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். ஆமாம், இழுத்தேன். எதிர்ப்பக்கமாக. இந்த 'எதிர்ப்பக்கம்' மட்டும் அந்த வீட்டில் யார் காதிலும் இன்றுவரை விழவில்லை.

தேரையே நகர்த்துகிற ஆட்கள் ஐந்து பேர். ஒரு பேண்டேஜ் வியாபாரி என்ன செய்ய முடியும்? வலப்பக்கக் கம்பியைத் தளத்தில் பிடித்திருந்த கொக்கி, அடிப்பலகையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. (அந்தப் பலகை எப்போதோ உளுத்துப்போயிருந்தது. அண்ணாச்சி அதன் மேல்தான் அத்தனை அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தார். இதையும் யாரும் பேசுவதில்லை.) என் நெஞ்சு உயரத்தில் பாய்மரம் படாரென்று முறிந்து, எங்கள் தலைக்குச் சற்றுத் தள்ளி இடப்பக்கக் கடலில் விழுந்தது. போகிற போக்கில் கம்பி மாட்டிப் பாயைக் கிழித்து அதையும் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டது. சத்தம் கேட்டதும் ஐந்து பேரும் கயிற்றை விட்டுவிட்டு மல்லாந்து விழுந்தார்கள். நான் ஒருவன்தான் விழவில்லை. நான் ஒருவன்தான் நின்றேன். கையில் கயிறு.

கோதை விழுந்த வேகத்தில் அவள் விரல் செல்போனில் எங்கோ பட்டு, கிளிக் என்றது.

ஐந்து பேரும் எழுந்து உட்கார்ந்து முதலில் கடலைப் பார்த்தார்கள். பிறகு முறிந்த கட்டையைப் பார்த்தார்கள். பிறகு என் கையைப் பார்த்தார்கள். அத்தை புடவையை உதறிக்கொண்டு, கோபமே இல்லாமல், ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"ஏன் மாப்ள இழுத்திய?"

நான் மாமனாரைப் பார்த்தேன். 'கோவிந்தா' சொன்ன வாயல்லவா, ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை போட நேரம் இல்லை. தண்ணீரில் விழுந்த மரம் கம்பிகளோடு தொங்கிக்கொண்டு, ஒவ்வோர் அலைக்கும் படகின் விலாவில் இடித்தது. இப்படியே இடித்தால் ஓட்டை விழும் என்றார் அண்ணாச்சி. பதற்றத்தில் அவர் படகின் பின்னால் மாட்டியிருந்த சின்ன மோட்டாரைக் கிளப்பினார். தண்ணீருக்குள் கிடந்த கயிறு அதன் இறக்கையில் சுற்றிக்கொள்ள, மோட்டார் இருமிவிட்டு நின்றது. பிறகுதான் மரத்தையும் பாயையும் படகுக்குள் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். கயிற்றைக் கட்டி எங்கள் பக்கம் போட்டு, "இப்ப இழுங்க" என்றார்.

ஒருவரும் தொடவில்லை.

மாமனார் கையைக் கட்டிக்கொண்டார். ரெங்கன் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். இழுக்கக் கூடாது என்றபோது இழுத்த குடும்பம், இழு என்றபோது அசையவில்லை. சின்ன மாமா நிதானமாக, "மாப்ளயே இழுக்கட்டும், அவருக்குத்தான் கை பழகியிருக்கு" என்றார். நானும் அண்ணாச்சியும் மட்டும் இழுத்தோம். ஈரக் கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வலியால் இல்லை, ஆத்திரத்தால்.

மரம் படகுக்குள் வந்ததும் அண்ணாச்சி சுற்றிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. கரைக்காற்று அடித்து எங்களை நடுக்கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். காற்று கரையைப் பார்த்துத்தான் அடிக்கிறது என்றார். சந்தோஷப்பட வாயைத் திறந்தேன். ஆனால் கரைக்கு முன்னால் துறைமுகத்துக்குள் அலை வராமல் தடுக்கக் கடலில் பாறைகளைக் கொட்டிக் கட்டிய கல்லணை இருக்கிறது, படகு நேராக அதைப் பார்த்துத்தான் போகிறது என்றார். பெரிய பெரிய பாறைகளும் அவற்றின் மேல் வெள்ளையாக உடையும் அலைகளும் எனக்கும் தெரிந்தன. கொஞ்சம் வேகம் கிடைத்தால்தான் சுக்கான் பேச்சைக் கேட்கும், கல்லுக்கு ஒதுங்கி மணல் கரைக்குப் போகலாம். அதற்குச் சின்னதாக ஒரு பாயாவது வேண்டும். கோதை வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் எனக்குப் பெயரும் இல்லை, ரோஷமும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

அண்ணாச்சியிடம் நீளமான துடுப்பு ஒன்று இருந்தது. முறிந்த கட்டையோடு அதை நிமிர்த்திச் சேர்த்துக் கட்டினால் குட்டிப் பாய்மரம் ஆகிவிடும். கட்டத்தான் ஒன்றும் இல்லை. இருந்த கயிறு பாதி மோட்டாரில், மீதி சிக்கலில். அப்போது எனக்கு என் பை ஞாபகம் வந்தது. நான் எங்கே போனாலும் மாதிரிக்குப் பேண்டேஜ் சுருள்கள் கூடவே வரும். (குலதெய்வம் கோயிலுக்குக்கூட வந்திருக்கிறது.) உரிந்த கையோடு சுருள் சுருளாகப் பிரித்து, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது போலச் சுற்றினேன். சின்ன மாமாவுக்கும் உயிர் வந்தது. ஐந்து பேரும் மல்லாந்து விழுந்தபோது உடைந்த உட்காரும் பலகையின் சிம்புகளை எடுத்து, கட்டையும் துடுப்பும் ஆடாதபடி இடுக்கில் முட்டுக்கொடுத்து அறைந்தார்.

மரம் தயார். பாயாகக் கட்டுவதற்குத் துணி வேண்டும். பழைய பாய் கிழிந்து, தண்ணீர் குடித்து, தூக்க முடியாத கனத்தில் கிடந்தது. அகலமான, லேசான, காய்ந்த துணி வேண்டும் என்றார் அண்ணாச்சி. ரெங்கனும் சின்ன மாமாவும் கடல் என்பதால் அரைக்கால் சட்டையில் வந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் மாமனாரின் எட்டு முழ வேட்டியில் போய் நின்றது. கல்லணை நெருங்கிக்கொண்டிருந்தது.

கேட்டது யார்? நான்தான்.

"மாமா, வேட்டியக் குடுங்க."

மாமனாரிடம் இப்படிக் கேட்ட மாப்பிள்ளை எங்கள் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பிறகு கல்லணையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, வேட்டியை உருவி என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது, "கிழிச்சிராதிய" என்றார். முறிந்து விழுந்த மரம் காலடியில் கிடக்க, பாறை கண்ணுக்கு முன்னால் இருக்க, அவருக்கு அப்போதும் என் கை மேல்தான் சந்தேகம்.

வேட்டியைத் துடுப்பில் கட்டினோம். பச்சைக்கரை வேட்டி ஒரு தடவை படபடத்து, பிறகு தொப்பை போட்டது. படகு மெல்லக் கழுத்தைத் திருப்பியது. கல்லணையின் நுனிக்கு மிக அருகில், பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகள் கண்ணில் தெரிகிற தூரத்தில் கடந்தோம். யாரும் மூச்சுவிடவில்லை. கட்டு அசையவில்லை. என் சரக்கு, ஒரு சுற்றுக்கூடப் பிரியவில்லை.

மணல் கரையில் படகு தட்டியபோது, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர்கள் சிலர் வந்து பிடித்தார்கள். வேட்டியில் வந்த படகை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. துண்டோடு இறங்கிய மாமனாரையும் முறிந்த மரத்தையும் பார்த்துவிட்டு, ஒருவர் கேட்டார், "மரத்த ஆரு ஒடிச்சது?"

ஐந்து கைகள் என்னைக் காட்டின. ஆறாவதாக அண்ணாச்சியின் கையும் மெதுவாக எழுந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தவர், அவருக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தபோது கயிறு தம்பி கையில்தான் இருந்தது என்றார்.

வேனில் திரும்பி வரும் வழியெல்லாம் நான் 'எதிர்ப்பக்கம்' என்பதை விளக்கிக்கொண்டு வந்தேன். சாத்தூர் தாண்டியதும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கோதை மட்டும் விழித்திருந்து, "விடுங்க, தெரியாமத்தான செஞ்சிய" என்று என்னை மன்னித்தாள். அவளும் 'கோபாலா' சொன்னவள்தான்.

மறுநாள் காலை ராஜபாளையம் டீக்கடையில் நுழைகிறேன், எனக்கு முன்னால் செய்தி வந்துவிட்டிருந்தது. "ஏலே, கப்பல ஒடிச்சிட்டியாமே" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். படகு, கப்பல் ஆகிவிட்டது. கோதையின் செல்போனில் தானாக விழுந்த படத்தை ரெங்கன் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அனுப்பியிருந்தான். அதில் ஐந்து பேர் இல்லை, இழுப்பு இல்லை, கோவிந்தாவும் இல்லை. முறிந்த மரத்துக்கு முன்னால், கையில் கயிற்றோடு, வாயைப் பிளந்துகொண்டு நான் மட்டும் நிற்கிறேன். அந்தக் குழுவின் முகப்புப் படம் இன்றும் அதுதான்.

உயிர் பிழைத்த கதையைச் சொல்லும்போது அத்தை, "மாமா வேட்டிதான் எங்களக் கரை சேத்துச்சு" என்று முடிப்பார். அந்த வேட்டியைத் துவைத்து மடித்து பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார். வேட்டியைத் தாங்கியது துடுப்பு, துடுப்பைத் தாங்கியது எது என்று நான் கேட்டால், "காபி ஆறுது மாப்ள" என்பார். அவர்கள் வீட்டில் எனக்கு இன்றும் எவர்சில்வர் டம்ளரில்தான் காபி. மற்றவர்களுக்குக் கண்ணாடி.

இந்த ஆடிப்பூரத்துக்கு மாமனார் முழங்கால் வலியால் வடம் பிடிக்க முடியாமல் ஓரமாக நின்றார். நான் என் மகளோடு பக்கத்தில் நின்றேன். திடீரென்று என் தோளைத் தட்டி, தன் இடத்தைக் காட்டி, "போங்க மாப்ள" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. நான் போய் வடத்தில் கை வைத்ததும் பின்னாலிருந்து என் மகள் குரல் கேட்டது. "அப்பா, மெதுவா. தேரு ஒடிஞ்சிரும்." முன்வரிசை முழுவதும் சிரித்தது. எனக்கு முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள்.

வடம் கையில் தளர்ந்தது. "கோவிந்தா" என்று எங்கிருந்தோ குரல் வந்தது. "கோபாலா" என்று கத்தியது யார் என்று பார்த்தால், நான்தான். அன்றைக்கு நான் உண்மையிலேயே இழுத்தேன். நேர்ப்பக்கமாக, உரிந்து ஆறிய இந்த இரண்டு கையாலும், ரத வீதி முழுக்க இழுத்தேன். ஒன்றும் ஒடியவில்லை.

அதை ஒருத்தரும் போட்டோ எடுக்கவில்லை.